உள்ளிணைந்த வலைச் சேர்வர் போதுமா, தனிச் சேர்வர் வேண்டுமா: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் ஓடும் சின்னத் தரவுத்தளச் செயலிகள் பல ஒரே மாதிரித்தான் தொடங்கும். யாரோ ஒருவர் ஜாங்கோவிலோ (பைத்தன் மொழியில் செயலி எழுத உதவும் சட்டகம்) லாராவெலிலோ (பிஎச்பி மொழிக்கு அதேபோல் ஒன்று) எழுதிக் கொடுப்பார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால் 8000 ஆம் போர்ட்டில் (கணனியின் வலையமைப்பு வாசல் இலக்கம்) திறக்கும், வேலை நடக்கும். பிறகு ஒரு கணனி மூன்றாகும், மூன்று ஏழாகும். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் 'சிஸ்டம் நிக்குது' என்று முறைப்பாடு வரும். உடனே 'அப்பாச்சி போடுங்கோ' என்பார் ஒருவர், 'என்ஜின்எக்ஸ் போடுங்கோ' என்பார் இன்னொருவர். இரண்டும் தனி வலைச் சேர்வர்கள்: உலாவியின் கோரிக்கையை வாங்கிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க, செயலிக்கு வெளியே தனியாகப் போடும் மென்பொருள். போட்டால் சில குறை தீரும், சில குறை அப்படியே இருக்கும், சில குறை புதிதாய் முளைக்கும். எது எதில் சேரும் என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

செயலியோடு அல்லது அதை எழுதும் கருவியோடு கூடவே வருவது உள்ளிணைந்த சேர்வர். அதில் இரண்டு வகை உண்டு. ஜாங்கோவின் ரன்சர்வர், ஃபிளாஸ்க் என்ற இன்னொரு பைத்தன் சட்டகத்தின் சேர்வர், பிஎச்பி 5.4 முதல் கூடவே வரும் சேர்வர் (லாராவெலின் 'ஆர்ட்டிசன் சேர்வ்' இதைத்தான் ஓட்டுகிறது) எல்லாம் செயலி எழுதும்போது சோதித்துப் பார்க்கக் கொடுத்தவை. நிரந்தரப் பாவனைக்கு வேண்டாம் என்று அவற்றைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் டொம்கட், மைக்ரோசொஃப்டின் டொட்நெட் கோரின் கெஸ்ட்ரல் ஆகியவை வேறு இனம். அவையும் செயலிக்குள்ளேயே இருப்பவைதான், ஆனால் உண்மையான பாரத்தைத் தாங்கவே செய்தவை. டொம்கட்டுக்கு ஆரம்ப அளவாகவே 200 இழை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தடம்) இருக்கிறது. ஸ்பிரிங் பூட் செயலி மெதுவாக ஓடுகிறது என்று முன்னால் அப்பாச்சியைக் கொண்டுவந்து வைப்பது பெரும்பாலும் வீண்வேலை.

எந்த அறிகுறிக்கும் முன்பு ஒரு சோதனை

மெதுவாக வரும் பக்கம் எந்தக் கேள்வியை (குவெரி) தரவுத்தளத்திடம் கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஜாங்கோவில் டீபக் டூல்பார், லாராவெலில் கேள்விப் பதிவு, மைஎஸ்கியூஎலில் மெதுக்கேள்விப் பதிவு இதற்கு உதவும். அந்தக் கேள்வியை, தரவுத்தளத்தோடு நேரே பேசும் கருவிகளான பிஎச்பிமைஅட்மினிலோ பிஎஸ்கியூஎலிலோ ஓட்டி நேரம் பாருங்கள். அங்கேயே 8 விநாடி எடுத்தால் வலைச் சேர்வரை மறந்துவிடுங்கள். முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' சேர்த்து மறுபடி ஓட்டினால் முழு அட்டவணையையும் மேய்கிறதா என்று தெரியும். திகதியிலோ வாடிக்கையாளர் இலக்கத்திலோ ஒரு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) போட்டால் பல முறைப்பாடு அதோடு முடிந்துவிடும். நேரே ஓட்டும்போது அரை விநாடிக்குள் வந்து, உலாவியில் மட்டும் இழுத்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

அறிகுறி: சேர்வர் கணனியில் திறக்கிறது, மற்றக் கணனியில் திறக்கவில்லை

சோதனைச் சேர்வர்கள் வழக்கமாக 127.0.0.1 இல் மட்டும் காது கொடுக்கும். அது தன் கணனிக்குள் மட்டும் எட்டும் முகவரி. கட்டளையில் 0.0.0.0:8000 என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். பிறகும் திறக்காவிட்டால் வின்டோஸ் ஃபயர்வோலில் 8000 ஆம் போர்ட்டுக்கு உள்வரும் அனுமதி போடுங்கள், தனியார் வலையமைப்புக்கு மட்டும். பக்கம் திறந்து 400 பிழை காட்டினால் அது ஜாங்கோவின் 'அலவ்ட் ஹோஸ்ட்ஸ்' பட்டியல்: சேர்வரின் உள் முகவரியை அதில் எழுத வேண்டும்.

நேற்று வரை திறந்தது, கரண்ட் போய் வந்தபின் திறக்கவில்லை என்றால் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டருக்குள் போய்ச் சேர்வரின் மெக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். கொடிகாமத்துக் கிளையிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து சோதனைச் சேர்வரை இணையத்தில் விடாதீர்கள். ஜாங்கோவின் டீபக் பக்கம் கோப்புப் பாதைகளையும் அமைப்புகளையும் வெளியே காட்டும். ஃபிளாஸ்க்கின் டீபக்கர் உலாவியிலிருந்தே பைத்தன் கட்டளை ஓட்டவிடும், நடுவில் இருப்பது ஒரு பின் இலக்கம்தான். கிளைக்கு விபிஎன் (இணையத்தினூடாகப் போகும் மறைகுறியிட்ட தனிப்பாதை) போடுங்கள், அல்லது எச்டிடிபிஎஸ் உள்ள தனிச் சேர்வருக்கு மாறுங்கள்.

அறிகுறி: ஒருவர் அறிக்கை எடுத்தால் எல்லோரும் நிற்கிறார்கள்

இதுதான் உண்மையில் வலைச் சேர்வரின் குறை. பிஎச்பியின் உள்ளிணைந்த சேர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். மாத அறிக்கை 40 விநாடி எடுத்தால் காசாளர் மேசையும் 40 விநாடி காத்து நிற்கும்.

உறுதிப்படுத்த, ஒரு கணனியில் அறிக்கையைத் தொடக்கிவிட்டு மற்றதில் வேறொரு பக்கத்தைத் திறவுங்கள். ஒரே உலாவியில் இரண்டு தாவல் திறந்து சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். பிஎச்பி, ஒரு பாவனையாளரின் செஷன் கோப்பை (உள்நுழைந்தவரின் விவரம் இருக்கும் கோப்பு) கோரிக்கை முடியும்வரை பூட்டி வைத்திருக்கும். ஆகவே அப்பாச்சியிலும் அதே ஆளின் இரண்டாவது தாவல் காத்துத்தான் நிற்கும். வேறு கணனியில் வேறு பெயரில் உள்நுழைந்து பாருங்கள். அதற்கு மட்டும் தடையில்லை என்றால் குறை செஷன் பூட்டில்: அறிக்கை தொடங்கும் இடத்தில் செஷனை எழுதி மூடிவிடும் ஒரு வரி போதும்.

எல்லோருக்கும் தடை என்றால் இரண்டு வழி. பிஎச்பி 7.4 முதல் 'பிஎச்பி_சிஎல்ஐ_சேர்வர்_வேர்க்கர்ஸ்' என்ற சூழல் மாறியில் 4 என்று கொடுத்து நான்கு வேலையாட்களை (கோரிக்கைகளைக் கவனிக்கும் தனித்தனிச் செயன்முறைகள்) ஓட்டலாம். வின்டோஸில் இது வேலை செய்யாது, அதோடு தற்காலிக ஒட்டுத்தான். சரியான வழி அப்பாச்சிக்கோ, என்ஜின்எக்ஸும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் (பிஎச்பியைப் பல வேலையாட்களோடு ஓட்டுவது) சேர்ந்த அமைப்புக்கோ மாறுவது.

பைத்தன் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஜாங்கோ ரன்சர்வரும், ஃபிளாஸ்க் 1.0 க்குப் பிறகு வந்தவையும் பல இழையில்தான் ஓடுகின்றன. அவற்றிலிருந்து கனிகோர்ன் என்ற பைத்தன் தனிச் சேர்வருக்கு மாறி, அமைப்பைத் தொடாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் கனிகோர்ன் கேட்காவிட்டால் ஒரே ஒரு வேலையாளைத்தான் வைக்கும். கணனியின் சிபியூவிலுள்ள கருக்களின் (கோர்) எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள் என்பது அதன் ஆவணம் தரும் தொடக்கக் கணக்கு: நான்கு கரு என்றால் 9. நினைவகம் 4 ஜிபி மட்டும் உள்ள பழைய கணனியில், அதிலேயே தரவுத்தளமும் ஓடினால், 3 இல் தொடங்கிப் பார்த்துக் கூட்டுங்கள். வின்டோஸில் கனிகோர்ன் ஓடவே ஓடாது. அங்கே வெயிட்ரெஸ் போடுங்கள். அது நான்கு இழையோடு வரும், 8080 இல் காது கொடுக்கும்.

அறிகுறி: 'டேட்டாபேஸ் இஸ் லொக்ட்'

இது ஒரே கோப்பில் அடங்கும் சின்னத் தரவுத்தளமான எஸ்கியூலைட்டின் சத்தம். வலைச் சேர்வரை மாற்றினால் குறையாது, வேலையாட்கள் கூடினால் பிழையும் கூடும். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். பைத்தன் 5 விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும்.

முதலில் ஜேர்னல் முறையை 'வால்' (மாற்றங்களை முதலில் பக்கத்துக் கோப்பில் எழுதும் முறை) ஆக்குங்கள். அப்போது ஒருவர் எழுதும்போதும் மற்றவர்கள் வாசிக்கலாம். அடுத்து காத்திருப்பை 20 விநாடியாக்குங்கள். காத்திருப்பைக் கூட்டியும் பிழை உடனேயே பாய்ந்து வந்தால், ஒரு பரிவர்த்தனை (ஒன்றாக முடியவேண்டிய தரவுத்தள வேலைத்தொகுதி) வாசிப்பில் தொடங்கி நடுவில் எழுதப் போகிறது, அதற்கிடையில் இன்னொன்று எழுதிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எஸ்கியூலைட் காத்திருப்பதில்லை. பரிவர்த்தனையை 'இமீடியட்' முறையில் தொடக்க வேண்டும். ஜாங்கோ 5.1 முதல் இதை அமைப்பிலேயே கொடுக்கலாம்.

தரவுக்கோப்பு பகிரப்பட்ட வலையமைப்புக் கோப்புறையில் இருக்கக் கூடாது, அங்கே வால் முறை வேலை செய்யாது. பக்கப் எடுக்கும்போதும் கவனம்: வால் முறையில் தரவுக்கோப்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோப்பு இருக்கும். செயலி ஓடிக்கொண்டிருக்கையில் பெரிய கோப்பை மட்டும் பென்டிரைவில் பிரதி எடுத்தால் கடைசியாய்ப் போட்ட பில்கள் அதில் இல்லாமல் போகலாம். எஸ்கியூலைட்டின் 'பக்கப்' கட்டளையால் எடுங்கள். ஐந்தாறு பேர் நாள் முழுக்க எழுதும் இடமென்றால் இவ்வளவு வித்தையும் வேண்டாம், போஸ்ட்கிரெஸுக்கோ மைஎஸ்கியூஎலுக்கோ மாறிவிடுங்கள்.

அறிகுறி: 'டூ மெனி கனெக்ஷன்ஸ்', 'சொரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஓல்ரெடி'

முதலாவது மைஎஸ்கியூஎல், பிழை இலக்கம் 1040, ஆரம்ப உச்சம் 151 இணைப்பு. இரண்டாவது போஸ்ட்கிரெஸ். அதன் ஆரம்ப உச்சம் 100, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது, உங்களுக்கு 97. வேலையாட்களின் தொகையை ஒவ்வொருவரும் வைத்திருக்கும் இணைப்புத் தொகையால் பெருக்கிப் பாருங்கள். 9 வேலையாள், ஆளுக்கு 15 இணைப்பு என்றால் 135, போஸ்ட்கிரெஸ் தாங்காது.

இன்னொரு காரணம் சோதனைச் சேர்வரிலேயே இருக்கிறது. ஜாங்கோவில் வேகத்துக்காக 'கொன் மெக்ஸ் ஏஜ்' கொடுத்து இணைப்பைத் திறந்தே வைக்கச் சொல்லியிருப்பார்கள். ரன்சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இழை தொடங்கும், புது இழை புது இணைப்புத் திறக்கும், ஆகவே பழையதை மறுபடி பாவிக்க யாருமில்லை. ரன்சர்வரில் இந்த அமைப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். கனிகோர்னுக்கு மாறியபின் 60 விநாடி கொடுங்கள்.

உச்சத்தை 500 ஆக்கி மூடிவிடுவது இங்கே பலர் செய்யும் வைத்தியம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனிச் செயன்முறை, நினைவகம் கரையும். முதலில் இப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் 'பிஜி ஸ்டட் அக்டிவிட்டி'யைப் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று பல வரி நிற்குமானால் செயலி பரிவர்த்தனையை மூடாமல் விடுகிறது.

அறிகுறி: மாற்றிய அன்றே தரவு எல்லாம் காணாமல் போய்விட்டது

பதற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். எஸ்கியூலைட் கோப்பின் பாதை முழுதாக எழுதப்படாமல் பெயர் மட்டும் கொடுத்திருந்தால், தனிச் சேர்வர் வேறு கோப்புறையில் நின்று ஓடும்போது அங்கே ஒரு வெறுங்கோப்பை உண்டாக்கிவிடும். 'நோ சச் டேபிள்' என்பது அதன் அடையாளம். பழைய கோப்பு பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும். பாதையை வேரிலிருந்து முழுதாக எழுதுங்கள்.

'அட்டெம்ப்ட் டு ரைட் எ ரீட்ஒன்லி டேட்டாபேஸ்' என்றால் உரிமைப் பிரச்சினை. முன்பு உங்கள் பெயரில் ஓடியது, இப்போது உபுண்டுவில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பெயரில் ஓடுகிறது. கோப்புக்கு மட்டும் எழுத்துரிமை கொடுத்தால் போதாது, அது இருக்கும் கோப்புறைக்கும் வேண்டும், ஏனென்றால் ஜேர்னல் கோப்பைப் பக்கத்தில்தான் உண்டாக்கும். 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) போடாமல், தரவுக்கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்து அதன் உரிமையாளரை மாற்றுங்கள்.

விஷுவல் ஸ்டூடியோவில் ஐஐஎஸ் எக்ஸ்பிரஸில் ஓடியது முழு ஐஐஎஸ்ஸில் (மைக்ரோசொஃப்டின் தனி வலைச் சேர்வர்) 18456 ஆம் பிழையோடு நின்றால் காரணம் இதுவேதான். ஐஐஎஸ் அப்ளிகேஷன் பூலின் (செயலியை ஓட்ட அது வைத்திருக்கும் தனிப் பிரிவு) பெயரில் எஸ்கியூஎல் சேர்வரைத் தட்டுகிறது, அந்தப் பெயருக்கு அங்கே கணக்கில்லை. எஸ்கியூஎல் சேர்வரில் அந்தப் பூல் பெயருக்கு லொகின் ஒன்றும், தரவுத்தளத்தில் வாசிக்கவும் எழுதவும் உரிமையும் கொடுங்கள்.

அறிகுறி: ஒரே பில் இலக்கம் இரண்டு பில்லில்

மாற்றத்தின்பின் வரும் குறைகளில் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் திரையில் எந்தப் பிழையும் காட்டாது. கணக்காளர் மாத முடிவில் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

செயலி இப்படி எழுதப்பட்டிருக்கும்: அட்டவணையில் உள்ள பெரிய பில் இலக்கத்தை எடு, ஒன்று கூட்டு, புது வரியை எழுது. பிஎச்பியின் ஒற்றைச் சேர்வரில் கோரிக்கைகள் வரிசையாகத்தான் போகும், ஆகவே பிழை தலை காட்டாது. நான்கு வேலையாள் வந்ததும் இரண்டு காசாளர்கள் ஒரே கணத்தில் 'சேமி' அழுத்துவார்கள். இருவரும் 4517 ஐ வாசிப்பார்கள், இருவரும் 4518 ஐ எழுதுவார்கள்.

திருத்தும் ஒழுங்கு முக்கியம். முதலில் இலக்கவாரியாகத் தொகுத்து, ஒன்றுக்கு மேல் வரும் இலக்கங்களைப் பட்டியலெடுங்கள். கணக்காளரோடு இருந்து அவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு பில் இலக்கப் பத்தியில் 'யுனீக்' கட்டுப்பாடு போடுங்கள், இரட்டை இருக்கும்வரை அது ஏறாது. இனி இரண்டாவது காசாளருக்குப் பிழை வரும், அது நல்ல பிழை. கடைசியில் இலக்கம் உண்டாக்கும் முறையை மாற்றுங்கள். 'ஓட்டோ இன்கிரிமென்ட்' எளிது, ஆனால் இடையில் ரத்தான பில்லின் இலக்கம் விடுபட்டுப் போகும். விடுபடக் கூடாது என்றால் எண்ணிக்கைக்கென்றே ஒரு வரியுள்ள அட்டவணை வையுங்கள். பரிவர்த்தனைக்குள் அந்த வரியை 'ஃபோர் அப்டேட்' பூட்டோடு எடுத்து, ஒன்று கூட்டி, பில்லையும் எழுதி, உடனே முடியுங்கள். அச்சிடுவதைப் பரிவர்த்தனைக்கு வெளியே வையுங்கள். பிரின்டரில் கடதாசி முடிந்தால் கடை முழுவதும் பூட்டில் நிற்கக் கூடாது.

அறிகுறி: உள்நுழைந்தால் சிலவேளை வெளியே தள்ளுகிறது

பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஒருதரம் உள்ளே, ஒருதரம் வெளியே. ஒவ்வொரு வேலையாளிடமும் தனித்தனி நினைவு இருப்பதால் வருவது. இரகசியச் சாவியைத் தொடங்கும்போது எழுந்தமானமாக உண்டாக்கும் வரி இருந்தால் எடுத்துவிட்டு நிலையான ஒன்றைச் சூழல் மாறியில் வையுங்கள். செஷனை நினைவகத்தில் வைத்திருந்தால் தரவுத்தளத்துக்கோ, எல்லா வேலையாட்களும் பகிரக்கூடிய ரெடிஸ் என்ற களஞ்சியத்துக்கோ மாற்றுங்கள்.

இதன் ஒன்றுவிட்ட உறவு: கனிகோர்னில் 'பிரீலோட்' (வேலையாட்கள் பிரியுமுன் செயலியை ஏற்றும் அமைப்பு) போட்டபின் போஸ்ட்கிரெஸிலிருந்து 'பேட் ரெக்கோர்ட் மெக்' என்று விளங்காத எஸ்எஸ்எல் பிழை. வேலையாட்கள் பிரியுமுன்னரே திறந்த இணைப்பு ஒன்றை எல்லோரும் பாவிக்கிறார்கள். பிரிந்தபின் ஒவ்வொருவரும் தமக்கென இணைப்புத் திறக்கும்படி செய்யுங்கள்.

அறிகுறி: 502, 504, 413

மூன்றும் என்ஜின்எக்ஸ் சொல்பவை. 502 என்றால் பின்னால் செயலி ஓடவில்லை, அல்லது நடுவில் விழுந்துவிட்டது. 504 என்றால் 60 விநாடிக்குள் பதில் வரவில்லை. ஆனால் கனிகோர்ன் 30 விநாடியிலேயே வேலையாளைக் கொன்றுவிடும், எனவே நீண்ட அறிக்கையில் பெரும்பாலும் 502 தான் காண்பீர்கள். இரண்டு இடத்திலும் கூட்ட வேண்டும். 413 என்றால் பதிவேற்றும் கோப்பு 1 எம்பியைத் தாண்டிவிட்டது: 'கிளையன்ட் மெக்ஸ் பொடி சைஸ்' ஐ 20 எம்பி ஆக்குங்கள்.

ஜாங்கோவில் டீபக்கை நிறுத்தியதும் பக்கம் நிறமின்றி எலும்பும் தோலுமாக வந்தால், 'கலெக்ட்ஸ்டடிக்' ஓட்டி அந்தக் கோப்புறையை என்ஜின்எக்ஸுக்குக் காட்டுங்கள், அல்லது அந்தக் கோப்புகளைச் செயலியே கொடுக்க உதவும் வைட்நொய்ஸ் போடுங்கள்.

அறிகுறி: முன்பு வந்த அறிக்கை இப்போது வரவில்லை, அல்லது திகதி ஒருநாள் பின்னால்

உபுண்டுவில் பிஎச்பிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புக் கோப்பு. உள்ளிணைந்த சேர்வர் 'சிஎல்ஐ' கோப்புறையில் உள்ளதை வாசிக்கும். அப்பாச்சி தன் பெயரிலுள்ள கோப்புறையில் உள்ளதை வாசிக்கும். முன்னையதில் நினைவக எல்லை இல்லை, பின்னையதில் 128 எம்பி. ஆண்டறிக்கை வெறும் வெள்ளைப் பக்கமாக வந்தால் பிழைப்பதிவில் 134217728 என்ற இலக்கத்தைத் தேடுங்கள், அது அதே 128 எம்பிதான். எல்லையை 256 ஆக்கலாம். எல்லா வரியையும் ஒருமிக்க நினைவகத்துக்கு எடுக்காமல் பகுதி பகுதியாக எடுப்பது இன்னும் நல்லது.

நேர வலயமும் அதே கோப்பில்தான். ஒன்றில் ஏசியா/கொழும்பு என்று எழுதி மற்றதில் எழுதாவிட்டால் அப்பாச்சி யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். எட்டு மணிக்குத் திறக்கும் புடவைக் கடையில் திகதி சரியாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. விடியப்புறம் பாசையூரிலோ குருநகரிலோ மீன் ஏலத்துக்குப் பில் போடும் செயலியில், 5.30 க்கு முன் போட்ட எல்லாம் முதல்நாள் கணக்கில் விழும். அமைப்பைத் திருத்தியபின் நேற்றுவரை தவறாய் விழுந்த வரிகளையும் திருத்த மறக்க வேண்டாம்.

அறிகுறி: காலையில் முதல் ஆள் திறக்கும்போது மட்டும் பிழை

ஐஐஎஸ்ஸில் 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் அப்ளிகேஷன் பூல் உறங்கிவிடும். அடுத்த கோரிக்கை அதை எழுப்ப நேரம் எடுக்கும். 'ஐடில் டைம்அவுட்' ஐப் பூச்சியமாக்குங்கள். மெதுவாக வருவதற்குப் பதில் 'கோன் அவே' என்ற 2006 ஆம் பிழை வந்தால் மைஎஸ்கியூஎல் 28800 விநாடி, அதாவது 8 மணித்தியாலம், சும்மா இருந்த இணைப்பை வெட்டிவிட்டது. இரவு எட்டுக்குப் பூட்டிக் காலை எட்டுக்குத் திறக்கும் கடையில் இது தவறாமல் வரும். இணைப்புகளை மணித்தியாலத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கும்படி செயலியின் இணைப்புப் பூலுக்கு (திறந்த இணைப்புகளை வைத்திருக்கும் பகுதி) சொல்லுங்கள்.

அறிகுறி: கரண்ட் வந்தது, செயலி வரவில்லை

கறுப்புத் திரையில் ஓட்டிய சோதனைச் சேர்வர் தானாக எழும்பாது. 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்த ஊருக்கு இது ஒன்றே தனிச் சேர்வருக்கு மாறப் போதிய காரணம். உபுண்டுவில் கணனி எழும்பும்போது தானே தொடங்கும் சிஸ்டம்டி சேவையாக்குங்கள், வின்டோஸில் என்எஸ்எஸ்எம் கொண்டு சேவையாக்கலாம்.

சேவையாக்கியும் எழும்பாவிட்டால்: சிஸ்டம்டியில் 'ஆஃப்டர்' வரியில் தரவுத்தளத்தின் பெயரைப் போட்டால் அது தொடங்கும் ஒழுங்கைக் காக்கும், ஆனால் தரவுத்தளம் பதில் சொல்லத் தயாரா என்று எல்லா வேளையிலும் பார்க்கும் என்று நம்ப முடியாது. திடீரென நின்ற இனோடிபி (மைஎஸ்கியூஎலின் சேமிப்புப் பகுதி) தன் பதிவுகளைச் சரிபார்த்து எழும்ப நேரம் எடுக்கலாம். இதற்கிடையில் செயலி விழும், எழும்பும், விழும். 10 விநாடிக்குள் ஐந்துதரம் தொடங்கினால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும், காலையில் நீங்கள் காண்பது செத்த சேவை. 'ரீஸ்டார்ட்' ஐ 'ஓல்வேய்ஸ்' ஆக்கி, 'ரீஸ்டார்ட்செக்' ஐ 5 ஆக்குங்கள். 5 விநாடி இடைவெளியில் அந்த எல்லையைத் தொடாது, தரவுத்தளம் வரும்வரை தட்டிக்கொண்டேயிருக்கும்.

மாற்றும் அன்று பழையதை அழிக்காமல் நிறுத்தி வையுங்கள், ஆனால் அது தானாகத் தொடங்க எங்காவது ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள்: வின்டோஸ் ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு பட் கோப்பு, உபுண்டுவில் ஒரு குரோன் வரி (தானாகக் கட்டளை ஓட்டும் அட்டவணை). விட்டுவிட்டால் அடுத்த மின்வெட்டின்பின் இரண்டும் எழும்பும். யாராவது ஒரு கணனியில் பழைய 8000 முகவரி புக்மார்க்காக இருக்கும், அங்கே போடும் பில் பழைய தரவுத்தளத்துக்குப் போகும்.